மூன்றாம் கை எண்ணிய நெல்

இரவு ஏழே முக்கால் மணி. காஜா பெராங் சடக்கு என்கிற சாலை. ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பே நிற்கும் காலம் அது.

பொன்னுதுரைக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடியுமுன் ஐந்தரைக்குக் குனிந்தவன் அந்தி ஆறு மணிக்குத்தான் நிமிர்ந்தான். நிமிர்ந்தான் என்று சொல்வதே மரியாதைக்குத்தான்... பாதிதான் நிமிர முடிந்தது. ஐம்பத்தேழாம் வருஷம், ஆகஸ்டு பதினைந்து. மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்கு, இன்னும் பதினாறு நாள். அதற்குள் ஊர்ச் சாலையெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவனுக்கு நாக்கு வலிக்காது. கல் பரப்பி, தார் காய்ச்சி ஊற்றி, மணல் தூவி, உருளை இழுத்து... பகல் கஞ்சிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத தார், உள்ளங்கை இரண்டிலும் இன்னொரு தோலாகப் படிந்திருந்தது.

இந்தப் பொன்னுதுரை யார் என்றால், நம்ம ஏகாம்பரத்துக்குச் சித்தப்பா மகன். ஒரே ஒரு தடவை, கள்ளுக்கடைப் பின்னால், ஏகாம்பரத்திடம் வாயைத் திறந்தான். அவன் சொன்னதுதான் இது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறவரும் இப்படி நெருங்கி வந்துவிடுங்கள்... முதுகுக்குப் பின்னால் யாராவது இருப்பது நல்லது. யார் என்று தெரிந்திருந்தால்.

அன்றைக்கு அவர்கள் மூன்று பேராக நடந்தார்கள். முன்னால் சந்திரமதி, கையில் ஒரு வெற்றிலைப் பொட்டலம். நடுவில் கலியாணசுந்தரம் வாத்தியார், கையில் டார்ச்சு விளக்கும் கோடு போட்ட நோட்டும். பின்னால் பொன்னுதுரை, கையில் தார்.

சந்திரமதி சாலை வேலைக்காரர்களின் லைனில், அந்த வரிசையின் கடைசி வீட்டில், பதினெட்டு ஆளுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறவள். முப்பத்திரண்டு வயசு. பதினெட்டில் கல்யாணம், ஏழு மாதம் குடும்பம். அப்புறம் ஜப்பான்காரன் வந்து, தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஆட்களைக் கூட்டி, கூடினவர்களை லோரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டான். அவள் புருஷன் நல்லையா அந்த லோரியில் போனவன். படம் பார்க்கத்தான் போனான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

திரும்பி வந்தவர்களில் ஒருவர் சொன்னார், பேதி கண்டு செத்தவர்களோடு அடுக்கி எரித்தார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்று. இன்னொருவர் சொன்னார், சண்டை முடிந்த பிறகும் சயாம் சந்தை ஒன்றில் அவனைப் பார்த்தேன், கூப்பிட்டால் திரும்பவில்லை என்று. இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். அவள் பதினான்கு வருஷம் அந்த இரண்டு சத்தியத்துக்கும் நடுவே அடுப்பு ஊதினாள்.

பொன்னுதுரை ஆறு வருஷமாக அவள் சோற்றைத் தின்கிறவன். கேட்க வேண்டியதை ஒரு நாள் கேட்டான். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"செத்துட்டார்னா தாலியக் கழட்டி வெச்சிட்டு உங்ககூட வரேன். இருக்கார்னா இப்படியே இருந்துட்டுப் போறேன். ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் யாரு பாயிலயும் படுக்க மாட்டேன்."

யாரைக் கேட்பது என்பதையும் அவளே முடிவு செய்தாள். காஜா பெராங்கில் சிட்டிக்காரர்கள் குடியிருக்கும் கம்போங்கில் மாக் மீனாச்சி என்று ஒருத்தி. மாக் என்றால் அவர்கள் பேச்சில் அம்மா. சிட்டிக்காரர்கள் பல தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்த நம்ம ஆட்கள்தான், நம்ம சாமியைக் கும்பிடுவார்கள், நெற்றியில் விபூதி இருக்கும். பேசுவது மட்டும் மலாய். காணாமல் போன மாடு, கடலில் இருந்து திரும்பாத படகு, ஓடிப்போன பெண் என்று எது கேட்டாலும் நெல்லை முறத்தில் கொட்டிச் சொல்லிவிடுவாள் என்று பேச்சு. லைன் ஆட்கள் அவளைப் பொமோ, மந்திரக்காரி என்பார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. நான் பொமோ இல்லை, கட்டுவிச்சி என்பாள்.

முந்தின இரவு சந்திரமதி சோறு பரிமாறும்போது இதைச் சொன்னாள். அங்கே சாப்பிட வருகிற வாத்தியார் கையில் எடுத்த கவளம் தட்டிலேயே விழுந்துவிட்டது. வந்தே தீருவேன் என்று நோட்டோடு கிளம்பிவிட்டார்.

"கட்டுவிச்சிங்கற அந்தச் சொல்லு ஊர்லயே செத்துப்போச்சு பொன்னுதுரை. பழைய பாட்டுக்குள்ள மட்டும் கெடக்கு. இங்க ஒரு பொம்பள, தமிழே தெரியாத பொம்பள, அத உசுரோட வெச்சிருக்கா."

"உசுரோட இருக்கா செத்துப்போச்சான்னு கேக்கத்தான் நாங்களும் போறோம். நடங்க வாத்தியாரே."

முன்னால் போன சந்திரமதி திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

கிழவி ஒருத்தி, சடை விழுந்த தலை என்று அவன் மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தான். அப்படி இல்லை. மாக் மீனாச்சிக்கு ஐம்பதுக்குள்தான் இருக்கும். கஞ்சி போட்ட கெபாயாச் சட்டை, கொண்டையில் மூன்று ஊசி, வாயில் வெற்றிலை. பக்கத்து வீட்டில் இறால் பெலாச்சான் வறுத்த வாசனையும் அவள் வீட்டுச் சாம்பிராணியும் சேர்ந்து தொண்டையைப் பிடித்தன. பொன்னுதுரைக்குப் பசி இரண்டு மடங்காயிற்று.

வாத்தியார் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். பஜார் மலாயில் கேட்டார், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று. அவள் தோளைக் குலுக்கினாள். கப்பலில் வந்தவர்களிடமிருந்து வந்தது. பேச்செல்லாம் வழியில் உதிர்ந்துபோயிற்று, சாமி பேரும் பலகாரப் பேரும் இந்தத் தொழில் பேரும்தான் ஒட்டிக்கொண்டு நின்றன. அர்த்தம் உனக்குத் தெரிந்தால் நீ சொல்லு என்றாள்.

கேட்க வேண்டுமா. வாத்தியார் நோட்டைத் திறந்துவிட்டார். மகள் மெலிந்துபோனால் அந்தக் காலத்துத் தாய்மார் முதலில் தேடுவது இவளைத்தான். நெல்லை முறத்தில் கொட்டி எண்ணி, மறைந்ததைத் தெரிந்துகொள்வதற்குக் கட்டு என்று பெயர். அது அறிந்தவள் கட்டுவிச்சி. சாமி ஏறி ஆடுகிறவள் தேவராட்டி. சாலினி என்றும் ஒரு பெயர் உண்டு, அது எங்கிருந்து வந்தது என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே சண்டை. முதுவாய்ப் பெண்டு என்றால் வாய் முதிர்ந்தவள். ஆளுக்கு வயசு இருபதாகக்கூட இருக்கலாம், வாய்க்குத்தான் வயசு. மாக் மீனாச்சி இதற்குச் சிரித்தாள், வெற்றிலைச் சாறு தெறிக்க. இன்னும் சொல்லு என்றாள்.

அகவன் மகள் என்று ஒரு பெயர் இருக்கிறது, எல்லாவற்றிலும் பழசு என்றார் வாத்தியார். அகவுவது என்றால் அழைப்பது. மயில் கத்துவதையும் அகவுவது என்பார்கள். பாட்டுமில்லை, பேச்சுமில்லை... கூப்பாடு. கையில் ஒரு சின்னக் கோலை வைத்துக்கொண்டு, இருக்கிறவர்களையும் இல்லாதவர்களையும் பெயர் சொல்லி அழைப்பவள். மற்றவர்கள் குறி சொல்கிறவர்கள். இவள் கூப்பிடுகிறவள். அதிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது என்பது என் எண்ணம் என்று சொல்லிவிட்டு அதை மலாயில் பெயர்த்தார். பாங்கில் என்றார். கூப்பிடுவது.

மாக் மீனாச்சியின் சிரிப்பு நின்றுபோயிற்று.

விளக்கு ஏற்றிய பிறகு அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லாதே என்றாள். அதட்டவில்லை. சும்மா, அடுப்பைத் தொடாதே என்பது போல.

அப்புறம் வேலை ஆரம்பமாயிற்று. முறம் வந்தது. ஒரு மூட்டையிலிருந்து உமி நீக்காத நெல் இரண்டு கைப்பிடி. முறை என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், சந்திரமதி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கேட்கிறவள் நெல்லைத் தொடக்கூடாது. கட்டுவிச்சியும் எண்ணக்கூடாது. எண்ணுவதற்கு மூன்றாவதாக ஒரு கை வேண்டும், ஆசையில்லாத கை. நான்கு நான்காகத் தள்ள வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஒற்றையானால் ஆள் உயிரோடு இருக்கிறான். இரட்டையானாலும் ஒன்றும் மிஞ்சாவிட்டாலும் இல்லை.

வாத்தியார் எழுத வேண்டும் என்றார். மாக் மீனாச்சி பொன்னுதுரையைப் பார்த்து, இவன் யார் என்று கேட்டாள். எங்கள் லைனில் சாப்பிடுகிறவர் என்றாள் சந்திரமதி. பொய்யில்லை அது. அவளுக்கு வெட்கம், அதனால் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள்.

கையைக் கழுவச் சொன்னாள். கழுவினான். தார் தண்ணீருக்குப் போகுமா. கையைக் காட்டினான். வேலை செய்கிற கை என்று ஒப்புக்கொண்டாள்.

மாக் மீனாச்சி கண்ணை மூடி முறத்தை அசைத்தாள். சர்க்... சர்க்... அப்புறம் கூப்பிட்டாள். நல்லையா என்று மூன்று தடவை. அந்தக் குரலை எப்படிச் சொல்வது. பொன்னுதுரை ஏகாம்பரத்திடம் செய்து காட்டப் பார்த்தானாம், பாதியில் நிறுத்திவிட்டானாம். தொண்டைக்குள் இருந்து இல்லை, தொண்டைக்குப் பின்னால் இருந்து வந்தது என்றான். வெளியே குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் ஒன்றாக நின்றன. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது சந்திரமதி, தன்னை அறியாமல், வாசல் பக்கம் திரும்பித் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவன் எண்ணினான். நான்கு. நான்கு. நான்கு. கைச் சூட்டுக்கும் விளக்குச் சூட்டுக்கும் உள்ளங்கைத் தார் இளக ஆரம்பித்திருந்தது. நான்கு. நான்கு. பதினைந்து வருஷம் சரளைக்கல் கொட்டினவன். குவியலைப் பார்த்தாலே எத்தனை என்று கண் சொல்லிவிடும். கடைசிக் குவியலில் ஏழு.

ஏழில் நான்கு போனால் மூன்று. மூன்று ஒற்றை.

நான்கைப் புறங்கையால் ஒதுக்கி, மிச்சத்தைப் பார்வைக்குத் தெரியும்படி உள்ளங்கையால் பரப்பினான். முறத்தில் இரண்டு நெல் இருந்தது.

மூன்றாவது, கட்டைவிரல் அடியில், தாரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் பார்த்தான். வாத்தியார் எழுதிக்கொண்டிருந்தார். மாக் மீனாச்சி கண்ணைத் திறக்கவில்லை. சந்திரமதி முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை தானாக மூடிக்கொண்டது என்று பொன்னுதுரை சொன்னான். தானாகவா என்று ஏகாம்பரம் கேட்டான். அவன் கள்ளைத்தான் குடித்தான்.

மாக் மீனாச்சி கண்ணைத் திறந்து இரண்டு நெல்லையும் நெடுநேரம் பார்த்தாள். முகம் சுளித்தது. அவனைப் பார்த்து ஒரே வார்த்தை கேட்டாள்.

"ஹாபிஸ்?"

முடிந்ததா, அவ்வளவுதானா என்று அர்த்தம்.

"ஹாபிஸ்," என்றான் பொன்னுதுரை.

சந்திரமதி அழவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டாள். நெல்லுக்கு நாள் தெரியாது என்றாள் மாக் மீனாச்சி. பிறகு நெல்லையெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி முடிந்து பொன்னுதுரையின் இடக்கையில் வைத்தாள். எண்ணின கைதான் இதை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். இன்று இரவே, வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால். ஒரு நெல்மணிகூடத் தங்கக்கூடாது. அவனைக் கூப்பிட்டிருக்கிறோம், செத்திருந்தாலும் இருந்தாலும், இருக்கிற இடத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பியிருப்பான். கடைசி நெல்லும் தண்ணீரில் போனால்தான் அவன் மறுபடி அந்தப் பக்கம் திரும்புவான்.

இதை அப்போதுதான் சொன்னாள். கையைத் திறந்திருக்கலாம். இதோ ஒன்று ஒட்டிக்கொண்டது மாக் என்று சொல்லியிருந்தால் யாரும் அவனைக் கொன்றுவிடப் போவதில்லை. திறக்கத்தான் நினைத்தான். ஆனால் சந்திரமதி அதற்குள் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் தாலி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷ முடிச்சு. அவிழவில்லை. நகத்தால் கிள்ளினாள். பொன்னுதுரை கையை இன்னும் இறுக்கினான்.

திரும்பும்போது ஒன்பதரை. நோட்டில் எழுதினீர்களா என்று பொன்னுதுரை கேட்டதற்கு வாத்தியார், எழுத்தெல்லாம் இருக்கிறது, அந்தக் குரலுக்குத்தான் எழுத்து இல்லை என்று சொல்லிவிட்டு, தெங்கெராவுக்குப் பிரியும் சந்தில் வேகமாகப் போய்விட்டார். பாலத்தில் நின்று பொன்னுதுரை துணி மூட்டையை ஆற்றில் விட்டான். அது போய்விட்டது. சந்திரமதியை அவள் வீட்டில் விட்டான். லைனின் மறுகோடியில் அவன் அறை.

அறைக்குள் கால் வைக்கவில்லை. நிற்கவும் முடியவில்லை. மறுபடி பாலத்துக்கு நடந்தான். நெல் தாருக்குள் புதைந்திருந்தது. நகத்தால் தோண்டினான், வரவில்லை. கைப்பிடிச் சுவரில் தேய்த்தான், தோல்தான் வந்தது. கடைசியில் பல்லால் பற்றி இழுத்தான். வந்தது. தார்க் கசப்பு, உமி... பல்லுக்கு நடுவே படக்கென்று ஒரு சத்தம். பகலிலிருந்து ஒன்றும் காணாத வாய். துப்புவதற்கு முன்னால் உள்ளே போய்விட்டது.

நீங்களும் பசியில் பச்சை நெல்லை மென்றவர்கள்தானே. வாய் யாரையும் கேட்பதில்லை.

அவன் விரலைத் தொண்டையில் விட்டுப் பார்த்தான். வெறும் எச்சில்தான் வந்தது. ஆற்றில் துப்பினான். அப்போது கேட்டது.

வடக்கே. ரொம்பத் தூரத்தில், பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்தில். ஒரு காலடி. அப்புறம் தரையோடு இழுக்கிற சத்தம். அப்புறம் மூங்கில் தட்டுகிற ஓசை, உள்ளே காலியான மூங்கில். டொக்.

அடி... சர்ர்... டொக்.

அத்தனை தூரத்துச் சத்தம் காதில் விழக்கூடாது. விழுந்தது. கூடவே ஒரு வாடை. ஆறாத புண்ணின் வாடை. அதைத் தெரியாதவன் நம்மில் யார். ஆனால் அதில் மூங்கில் புகையும் கலந்திருந்தது.

மறுநாள் காலை, வேலை வாங்கும் மண்டோர் கணேசமூர்த்தி வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஊற்றின தார், ஆறுவதற்குள் எவனோ நடந்துவிட்டான். அந்த வாரம் அவர்களுக்கு வடக்கிலிருந்து லைனை நோக்கி வரும் சாலை வேலை. பொன்னுதுரை குனிந்து பார்த்தான். ஒரு காலின் தடம் முழுசாக இருந்தது. இன்னொரு கால் இழுபட்டிருந்தது. அந்தத் தடத்தில் விரல்கள் இல்லை. பக்கத்தில் வட்ட வட்டமாகக் குழி, மூங்கில் முனை அளவு. எல்லாம் தெற்கே பார்த்தபடி. ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.

நீயே அடை என்றார் மண்டோர். அடைத்தான்.

அன்றைக்குப் போட்ட தாரிலும் அடுத்த நாள் காலையில் இருந்தது. அதற்கடுத்த நாளும். சாலை முன்னேற முன்னேறத் தடமும் முன்னேறிற்று. இரவுகளில் பொன்னுதுரை படுப்பதில்லை. லைனுக்கும் பாலத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தான். உனக்கு என்ன, மாப்பிள்ளைக் கிறுக்கா என்று ஆட்கள் கேலி பேசினார்கள். ஐந்தாம் நாள் தார் லைன் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அன்றோடு அந்தச் சாலை முடிந்தது. ஆறாம் நாள் காலை, கடைசித் தடம் சந்திரமதி வீட்டுக்கு நேர் எதிரே நின்றது. இரண்டு காலும் சேர்ந்து, வெகுநேரம் நின்ற ஆழத்துக்கு.

அதற்கு மேல் மண் தரை. தடம் விழாது.

அவன் மாக் மீனாச்சி வீட்டுக்கு ஓடினான், பட்டப்பகலில். அவள் படியேற விடவில்லை. கையைக் காட்டு என்றாள். கட்டைவிரல் அடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. எங்கே அது என்று கேட்டாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று அவன் கெஞ்சினான். வந்துகொண்டிருக்கிறவனை எப்படிக் கூப்பிடுவது என்றாள். பதிலைக் கேட்டவளிடம் கொண்டுபோய்க் கொடு, வேறு வழி எனக்குத் தெரியாது, அது உன்னுடையதும் இல்லை என்னுடையதும் இல்லை, அவளுடையது. இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, அவன் நின்ற படியைக் கழுவிவிட்டாள். அவன் பார்க்கப் பார்க்க.

சொல்லிவிடுவது என்றுதான் லைனுக்குத் திரும்பினான். சந்திரமதி அடுப்படியில் நெற்றிப் பொட்டை மாற்றி வைத்திருந்தாள், சின்னதாக, சிவப்பாக. என்னங்க என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவனை அப்படிக் கூப்பிட்டாள்.

ஒன்றுமில்லை என்றான்.

மெர்டேக்கா வந்தது. ஆவணிக் கடைசியில் கோயிலில் தாலி கட்டினான். வாத்தியார்தான் சாட்சி, அவர் வந்து வாழ்த்தினார், அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தார் இறுகிவிட்டது. சத்தம் கேட்கவில்லை. ஒரு வருஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பொன்னுதுரை உடம்பு வைத்தான். ஆனால் எந்த வீட்டிலும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டான். எழுந்துவிடுவான்.

ஐம்பத்தொன்பதில், பெரிய மார்க்கெட்டுக்கு எதிரே அவர்கள் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு ஆள் வந்து நெருப்புக் கேட்டான். கறுத்து ஒடுங்கின ஆள், சயாம்காரன் மாதிரி லுங்கி. பெயர் சுப்பையன். ரயில் பாதைக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டவன், இப்போதுதான் ஊர் திரும்புகிறான். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அவன் விசாரித்தான், நல்லையா என்று ஒருத்தன் இங்கே வந்து சேர்ந்தானா என்று.

பொன்னுதுரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டான்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கரி சுட்டு விற்றார்களாம், ஆற்றோரத்தில். நல்லையாவுக்குப் புண் வந்து ஒரு கால் விரலெல்லாம் போய்விட்டது. மூங்கிலை ஊன்றி இழுத்து இழுத்து நடப்பான். இந்தக் காலோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று ஊர்ப் பேச்சையே எடுக்கமாட்டான். பழைய ஆட்கள் பார்த்துக் கூப்பிட்டால்கூடத் திரும்பமாட்டான். அப்புறம் மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட மாதம், ஒரு நாள் இரவு. சோற்றில் கை வைத்தவன் தலையைத் தூக்கினான்.

"கூப்பிடறாங்கன்னான். யாருடா, ஒருத்தரையும் காணோமேன்னேன். கையக்கூடக் கழுவல அண்ணே. மூங்கில எடுத்துக்கிட்டு அப்படியே இருட்டுல நடந்துட்டான். நான் கொஞ்சம் பின்னாலயே போனேன். திரும்பிப் பாக்கல. அந்த நடைக்கு என்னால ஈடு கொடுக்க முடியல, நொண்டிக் காலுக்கு."

சுப்பையன் புகையை விட்டான்.

"அவன் பொஞ்சாதி இங்க எங்கயோ சோறு ஆக்கிப் போடுதாம். சந்திரமதின்னு பேரு. பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு. தெரியுமாண்ணே உங்களுக்கு?"

தெரியாது என்றான் பொன்னுதுரை. உஜோங் பாசிர் பக்கம் கேட்டுப் பாருங்கள், அங்கேதான் நிறைய நம்ம ஆட்கள் என்றான். கையை நீட்டி வழியும் காட்டினான். கால்வாய் வேலை நடந்த இடத்திலிருந்து சந்திரமதி வீட்டுக்கு நேர் எதிர்த் திசை அது. சுப்பையன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று இரவுதான் மறுபடி கேட்டது. தூரத்தில் இல்லை. வாசல் மண்ணில். அடி வைக்கிற சத்தமோ இழுக்கிற சத்தமோ இல்லை, ஆள் வந்து சேர்ந்துவிட்டான். நிற்கிறவன் கால் மாற்றிக்கொள்ளும்போது மூங்கில் லேசாகத் தட்டுமே, அது மட்டும்.

டொக்.

பலகைச் சுவரின் இடுக்கு வழியாக அந்த வாடை வந்தது. பொன்னுதுரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் சந்திரமதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தான். அடுத்த இரவும் இப்படியே. மூன்றாம் இரவு, இருட்டில், அவள் குரல் வந்தது. பயந்த குரல் இல்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்கிற குரல்.

"மூணு நாளா அந்த ஆளு வெளிய நிக்கறாரு. யாருன்னு போய்க் கேளுங்க. சாப்பிட்டாரோ என்னமோ."

பொன்னுதுரை எழுந்திருக்கவில்லை. ஏகாம்பரத்திடம் இதைச் சொல்லி முடித்தபோதும் எழுந்திருக்கவில்லை. முதல் தடவையாக ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். சொல்லிவிட்டாயா அவளிடம் என்று ஏகாம்பரம் கேட்டான். தலையை ஆட்டினான், இல்லை என்று.

அவள் இன்னும் அந்த லைனில்தான் சோறு ஆக்குகிறாள். ஒரு ஆளுக்குக் கூடுதலாக உலை வைக்கிறாளாம், ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லையாம். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நல்லையா அன்றைக்கு உயிரோடு இருந்தான் என்ற பதிலைப் பொன்னுதுரை அவளுக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.